பத்திரத்தில் பெயர், கடனில் கையெழுத்து: மணமுறிவில் எது யாருக்கு?

"புருஷன் சம்பாதித்த சொத்தில் மனைவிக்குப் பாதி." 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னதிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் வரி இது. கடலூரிலும் புதுச்சேரியிலும் விவாகரத்துப் பேச்சு எழும் வீடுகளில் ஆண் வீட்டார் இதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், பெண் வீட்டார் இதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்ப்பு உண்மைதான். ஆனால் அது விவாகரத்து வழக்கிலேயே வந்ததல்ல. அதோடு, பாதி கேட்கிறவர்கள் யாரும் கடனில் பாதியைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டுக் கடன், நகைக் கடன், மகளிர் குழுக் கடன், சீட்டு என்று நாலு பக்கமும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தில் சொத்தைவிடக் கடனைப் பிரிப்பதுதான் பெரிய வேலை.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

## கல்யாணம் ஆனதால் சொத்து பொதுவாகிவிடாது

உலகில் இரண்டு வகை ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, திருமணத்துக்குப் பின் சேர்ப்பதெல்லாம் இருவருக்கும் பொது என்று வைத்து, பிரியும்போது இரண்டாகப் பங்கிடுவது. மற்றது, கல்யாணம் ஆனாலும் அவரவர் சொத்து அவரவருக்கே என்பது. இந்தியாவில் பொதுவாக நடைமுறையில் இருப்பது இரண்டாவது. கோவா விதிவிலக்கு, அங்கே 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசிய சிவில் சட்டப்படி தம்பதியின் சொத்து பொதுச் சொத்து. புதுச்சேரியிலும் ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிரியும்போது மனைவிக்குக் கணவனின் அசையாச் சொத்தில் பங்கு தரலாம் என்று ஒரு மசோதா 2010இல் கொண்டுவரப்பட்டது. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல் 2014இல் காலாவதியானது. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. இப்போது கையில் இருப்பவை இவ்வளவுதான்:

1. இந்து திருமணச் சட்டம், பிரிவு 27. கல்யாணத்தின்போதோ அதை ஒட்டியோ வந்த, இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி நீதிமன்றம் உத்தரவு போடலாம். சீர்வரிசை, கட்டில், பீரோ, மொய்யில் வந்தவை இதில் வரும். பத்து வருடம் கழித்து வாங்கிய மனை வராது.

2. அதே சட்டம், பிரிவு 25. நிரந்தர ஜீவனாம்சம். இது மாதாமாதமும் இருக்கலாம், மொத்தமாகவும் இருக்கலாம். கட்டாமல் ஏமாற்றிவிடாதபடி, கொடுக்க வேண்டியவரின் அசையாச் சொத்தின் மேல் அதைப் பொறுப்பாக ஏற்றி வைக்கவும் முடியும்.

3. குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 1984, பிரிவு 7. கணவன் மனைவி இடையிலான சொத்து வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தைக் குடும்ப நல நீதிமன்றத்துக்குத் தருகிறது. யாருக்கு எவ்வளவு என்பதை இது சொல்வதில்லை. எங்கே போய்க் கேட்கலாம் என்பதை மட்டும் சொல்கிறது.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கும் ஜீவனாம்சப் பிரிவு உண்டு, சொத்துப் பங்கீட்டுப் பிரிவு இல்லை. முஸ்லிம் பெண்ணுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மஹரும் (கணவன் அவளுக்குத் தர ஒப்புக்கொண்ட மணக்கொடை), கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்கு வந்த பொருள்களும் திரும்பக் கிடைக்க வேண்டும். கணவன் பெயரில் இருக்கும் வீட்டில் பங்கு என்று அதுவும் பேசுவதில்லை.

ஜீவனாம்சம் வழியாகப் பாதியைப் பிடித்துவிடலாமா என்றால், அதற்கும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. இருவரின் செல்வத்தையும் சமமாக்கிவிடுவது ஜீவனாம்சத்தின் வேலை இல்லை. முன்னாள் கணவர் பிறகு சம்பாதித்துப் பெரிய ஆளாகிவிட்டார் என்பதற்காக அந்த அளவுக்குக் கேட்க முடியாது.

## அப்படியானால் 2023 தீர்ப்பு?

கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை பார்த்தார். அனுப்பிய பணத்தில் மனைவி இங்கே சொத்து வாங்கினார், பிள்ளைகளை வளர்த்தார். திரும்பி வந்த கணவர், பணம் என்னுடையது, சொத்தும் என்னுடையதுதான் என்று வழக்குப் போட்டார். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னதன் சாரம்: வீட்டைப் பார்த்துக்கொண்டவள் இல்லையென்றால் கணவன் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்திருக்க முடியாது, அவள் உழைப்பும் அந்தச் சொத்துக்குப் போட்ட முதல்தான், அதை நேரடியாக ஏற்கும் சட்டம் இல்லை என்றாலும், ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை. சம பங்கு கிடைத்தது.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போகாத தெரு இந்தப் பக்கத்தில் குறைவு. அதனால் இந்தத் தீர்ப்பின் எடை இங்கே அதிகம். புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகிறது, எனவே இரண்டு ஊர் வக்கீல்களும் இதை எடுத்துக் காட்டலாம். ஆனால் எடுத்துக் காட்டத்தான் முடியும். ஒவ்வொரு வழக்கிலும் பணம் எப்போது வந்தது, எதில் போட்டார்கள், வீட்டுப் பொறுப்பு யாரிடம் இருந்தது என்று நிரூபித்தாக வேண்டும். விவாகரத்து மனுவின் கடைசிப் பத்தியில் "பாதி வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கேட்கும் விஷயமில்லை இது.

இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் வழி கொஞ்சம் நேரானது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 45 சொல்வது: பொதுப் பணத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பணத்தில் யாருக்கு எவ்வளவோ அந்த விகிதம், தனித்தனியாகப் போட்டிருந்தால் போட்ட அளவு, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் சமம் என்று அனுமானம். கடைசிப் பகுதிதான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் சான்று இருப்பதில்லை.

## நகை: இதில் குழப்பமே வேண்டாம்

கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுடையது. தாய் வீடு போட்டதும் அவளுடையதே, மாமியார் வீட்டில் அவளுக்கென்று கொடுத்ததும் அவளுடையதே. 1985இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கணவனோ மாமியாரோ பீரோவில் வைத்திருந்தால் அவர்கள் காவல்காரர்கள்தான், உரிமையாளர்கள் ஆகிவிட மாட்டார்கள். 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கு ஒன்றில், 89 பவுனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு 25 லட்சம் கொடுக்கச் சொன்னபோதும் இதையே திரும்பச் சொன்னது. ஆபத்துக்குக் கணவன் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தர வேண்டியது அவன் கடமை. அதே ஆண்டு வேறொரு வழக்கில், மகள் உயிரோடிருக்க அவள் கேட்காமல் அவளுடைய நகைக்காக அப்பா வழக்குப் போட முடியாது என்றும் சொல்லப்பட்டது.

சிக்கல் எண்ணிக்கையில் வருகிறது. "35 பவுன் போட்டோம்" என்பார்கள். நகைக்கடை ரசீது 22 பவுனுக்கு இருக்கும். மீதி பாட்டியின் பழைய காசுமாலையை அழித்துச் செய்தது. கல்யாண ஆல்பம் அப்போதுதான் உதவிக்கு வரும். முகூர்த்தப் படத்தில் கழுத்தில் என்ன இருக்கிறது, வரவேற்புப் படத்தில் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எடை எழுதிப் பட்டியல் போட வேண்டும். நகை திருப்பிக் கேட்பதற்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம். விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

குடியிருக்கும் உரிமை என்பதும் இதே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது. மாமனார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும், மருமகள் அங்கே குடும்பம் நடத்தியிருந்தால் அவளைச் சட்ட வழியில் அல்லாமல் வெளியே தள்ள முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் இருக்கும் உரிமை வேறு, சொந்த உரிமை வேறு. அந்த வீட்டை அவள் விற்கவோ பங்கு கேட்கவோ முடியாது.

## கடன்: வங்கிக்குக் கையெழுத்து, உங்களுக்குள் காரணம்

இதுதான் ஆட்கள் தடுக்கி விழும் இடம். கடனுக்கு இரண்டு முகம் உண்டு. கொடுத்தவரைப் பார்க்கும் முகம் ஒன்று, தம்பதி ஒருவரையொருவர் பார்க்கும் முகம் ஒன்று.

கொடுத்தவருக்குத் தெரிந்ததெல்லாம் கையெழுத்துதான். வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 43படி முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் வங்கி கேட்கலாம். ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவர் அளவுக்கே பொறுப்பு. "தவணையைக் கணவரே கட்ட வேண்டும்" என்று குடும்ப நல நீதிமன்றம் எழுதிய தீர்ப்பைக் கொண்டுபோய் நீட்டினாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. அந்த வழக்கில் வங்கி கட்சிக்காரரே இல்லை. அவர் மூன்று தவணை தவறினால் இவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். இரண்டு வருடம் கழித்துப் பிள்ளையின் கல்விக் கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

உங்களுக்குள் பிரிக்கும்போது பார்க்க வேண்டியது காரணத்தை: எதற்காக வாங்கியது, யாருக்குப் பயன்பட்டது. இதற்கென்று எழுதிய சட்டப் பிரிவு கிடையாது. பேச்சுவார்த்தையில் எனக்கு நியாயமாகப் படும் அளவுகோல் இது:

1. குடும்பத்துக்கென்று வாங்கிய கடன், அதாவது பிரசவம், ஆஸ்பத்திரி, பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை முன்பணம் போன்றவை: யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும். சம்பளம் மிகவும் ஏறுமாறாக இருந்தால் சம்பள விகிதத்தில்.

2. ஒரு பொருளோடு ஒட்டிய கடன்: பொருளை எடுத்துக்கொள்பவர் கடனையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டி அவருக்கு, வண்டிக் கடன் இவளுக்கு என்பது கூடாது. அப்படி எழுதிய ஒப்பந்தங்கள் இல்லாமல் இல்லை.

3. ஒருவரின் சொந்த வீட்டாருக்காக வாங்கியது: தங்கை கல்யாணம், தம்பி தொழில். அவரவர் பக்கம் அவரவருக்கு.

4. சூதாட்டம், குடி, மற்றவருக்குத் தெரியாமல் வாங்கிய கைமாற்று: வாங்கியவர் தலையில்.

பெயருக்கும் காரணத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பணமாக நேர்செய்துகொள்ள வேண்டும். அது முடியாத இரண்டு கடன்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று மகளிர் குழுக் கடன். பணம் கணவரின் பைக்குக்குப் போயிருக்கலாம். ஆனால் தவணை நின்றால் குழுவின் மற்றப் பெண்கள் வந்து நிற்பது அவள் வாசலில். பிரிவதற்கு முன்பே அடைத்துவிடுவது நல்லது. மற்றது எடுத்துவிட்ட சீட்டு. இன்னும் 14 தவணை பாக்கி, அதற்குக் கணவரின் அண்ணன் ஜாமீன் என்றால், அந்தக் கடன் விவாகரத்துக்குப் பிறகும் இரண்டு குடும்பத்தையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கும்.

## ஒரு வீட்டின் கணக்கு

கற்பனைத் தம்பதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை. மனைவி தினமும் பஸ் ஏறி புதுச்சேரியில் ஒரு பள்ளிக்குப் போகிறார், சம்பளம் 32,000. திருப்பாதிரிப்புலியூரில் இருவர் பெயரிலும் வீடு. இன்றைய விலை 48 லட்சம், வீட்டுக் கடன் பாக்கி 21 லட்சம், மாதத் தவணை 24,500. தவணை அவர் கணக்கிலிருந்து போகிறது. மளிகை, பால், பள்ளிக் கட்டணம் எல்லாம் இவர் சம்பளத்தில். வங்கி அறிக்கையை மட்டும் பார்த்தால் வீட்டுக்குப் பணம் போட்டவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றும். மளிகைக்கடை ரசீதை யார் பத்திரப்படுத்துகிறார்கள்?

நகை 35 பவுன். அதில் 8 பவுன் வீட்டு முன்பணத்துக்காக விற்றது. 12 பவுன் கணவர் பெயரில் வங்கியில் அடகு, அவர் தங்கை கல்யாணத்துக்காக. மீட்க வட்டியோடு 4 லட்சம். மீதி 15 பவுன் மாமியார் பீரோவில். இது போகக் கணவர் பெயரில் 2.4 லட்சம் கடன், குழந்தையின் ஆபரேஷனுக்காக. மனைவி பெயரில் 60,000 குழுக் கடன், கணவரின் பைக்குக்கு. கணவருக்கு நண்பரிடம் 1.5 லட்சம் கைமாற்று, ஆன்லைன் ரம்மியில் போனது. பாகூரில் கணவருக்கு அவர் அப்பா வழியில் வந்த அரை ஏக்கர் நிலமும் உண்டு.

பாகூர் நிலத்தை முதலில் ஓரம் கட்டிவிடலாம். கணவரின் பூர்வீகச் சொத்தில் மனைவிக்கு மனைவி என்ற முறையில் பங்கு கிடையாது. ஜீவனாம்சம் எவ்வளவு என்று முடிவு செய்யும்போது அவருடைய வசதியைக் காட்ட அது பயன்படும், அவ்வளவுதான். 15 பவுன் மனைவிக்கு, பேச ஒன்றுமில்லை.

வீடு: 48இல் 21 போனால் 27 லட்சம். வீட்டுக்குள் போன 8 பவுனை முதலில் எடுத்து வைக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்கப் பவுன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் 8 லட்சம். மீதி 19 லட்சம், ஆளுக்கு 9.5. ஆக மனைவி பங்கு 17.5 லட்சம், கணவர் பங்கு 9.5 லட்சம். விற்ற நாள் விலையைத்தானே திருப்பித் தர வேண்டும் என்று கணவர் தரப்பு வாதிடலாம். அன்று பவுனாக இருந்தது இன்று பவுனாகத் திரும்ப வேண்டும் என்பதே சரி என்று நான் நினைக்கிறேன். வீட்டின் விலையையும் இன்றைய விலையில்தானே போடுகிறோம்?

கடன்: ஆபரேஷன் செலவு பாதிப்பாதி, ஆகவே மனைவி 1.2 லட்சம் தர வேண்டும். குழுக் கடன் முழுவதும் பைக்குடையது, ஆகவே கணவர் 60,000 தர வேண்டும். நிகரம், மனைவி தர வேண்டியது 60,000. ரம்மிக் கடன் கணவருடையது.

மனைவி வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால் கணவருக்கு 9.5 லட்சமும் 60,000மும் சேர்த்து 10.1 லட்சம் தர வேண்டும். அடகு நகையைக் கணவர் மீட்டுத் தர வேண்டும் என்று எழுதிவிட்டுக் காத்திருப்பதைவிட, அந்த 4 லட்சத்தைக் கழித்துக்கொண்டு 6.1 லட்சம் தருவது புத்திசாலித்தனம். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வேண்டும்: அடகுச் சீட்டு அவர் பெயரில் இருக்கிறது. பணம் கட்டுவது யாராக இருந்தாலும் வங்கி நகையை அவர் கையில்தான் கொடுக்கும். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே கவுன்டரில் நின்று, உறையைப் பிரித்து எடை சரிபார்த்து அங்கேயே கைமாற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் ஒத்துப்போனாலும் பஞ்சாயத்தில் இன்னொரு நாற்காலி இருக்கிறது, அதில் உட்கார்ந்திருப்பது வங்கி. 32,000 சம்பளக்காரரின் பெயருக்கு 24,500 ரூபாய்த் தவணையை மாற்ற வங்கி அநேகமாகச் சம்மதிக்காது. தவணைக் காலத்தை நீட்ட முடியுமா, அப்பாவோ அண்ணனோ இணைக் கடன்தாரராக வருவாரா என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் வீட்டை விற்று, 21 லட்சத்தை வங்கிக்கு அடைத்து, மீதியை மேலே சொன்னபடி பிரித்துக்கொள்வதுதான் வழி. கணவரையும் கடனில் வைத்துக்கொண்டே வீட்டை மனைவி பெயருக்கு மட்டும் மாற்றுவது இரண்டு பேருக்கும் ஆபத்து.

## பத்திரம் எப்போது? தேதியில் இருக்கிறது பணம்

சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பின் ஆறு மாத இடைவெளி, பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாவது முறை வந்து சம்மதம் சொல்ல வேண்டும். சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லை, பிள்ளை, ஜீவனாம்ச விவகாரங்கள் பேசி முடிந்துவிட்டன என்றால் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முடியும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். எனவே முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தவருக்கும் பயம், எதையும் வாங்காமல் கையெழுத்துப் போட்டவருக்கும் பயம். ஒரு பகுதியை முதல் கட்டத்தில், மீதியை வங்கி வரைவோலையாக இறுதி நாளில் நீதிபதி முன் கொடுப்பது அதனால் வந்த வழக்கம்.

பத்திரப் பதிவுக்கும் தேதி முக்கியம். தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் மாற்றிய விகிதப்படி, குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) செட்டில்மென்ட் பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வை 1%, உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 10,000. கணவன் மனைவி குடும்ப உறுப்பினர்கள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் கணவன் மனைவி இல்லை.

மேலே சொன்ன வீட்டில் கணவரின் பாதி 24 லட்சம் மதிப்பு. தீர்ப்புக்கு முன் விடுதலைப் பத்திரம் எழுதினால் 24,000மும் 10,000மும் சேர்த்து 34,000 ரூபாய். தீர்ப்புக்குப் பின் அதையே கிரயமாக எழுத நேர்ந்தால் 9%, அதாவது 2,16,000 ரூபாய். வித்தியாசம் 1,82,000. இறுதி விசாரணைக்கு முந்தைய வாரத்தில் பதிவை முடித்துக்கொள்வது இதற்காகத்தான். இவை தமிழ்நாட்டு விகிதங்கள். தவளக்குப்பத்திலோ அரியாங்குப்பத்திலோ வீடு இருந்தால் புதுச்சேரி விகிதம்தான் செல்லும். வீட்டு ஆவணங்கள் வங்கியில் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

ஒத்துவராத வழக்குகளில் வேறு கவலை. நோட்டீஸ் வந்ததும் மனையை அண்ணன் பெயருக்கு மாற்றுவது பழைய வித்தை. மாதம் ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதும், சொத்து வழக்கோடு சேர்த்து விற்பனைக்கு இடைக்காலத் தடை கேட்பதும் அதற்கு மருந்து. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, ஜீவனாம்ச வழக்கில் இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் மறைத்தால் பொய்ச் சத்தியம்.

## முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால்

இந்து திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் 1963இல் புதுச்சேரிக்கு வந்தபோது ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது: ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தா. 1881 செப்டம்பர் 21ஆம் தேதிய பிரெஞ்சு ஆணையின் கீழ், தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும்தான் ரெனோன்சான்கள். அவர்களுக்கு அடிப்படையே தலைகீழ். திருமண ஒப்பந்தம் எழுதாமல் கல்யாணம் செய்தால் அசையும் பொருளும், கல்யாணத்துக்குப் பின் வாங்கியதும் இருவருக்கும் பொதுக் குவியல். அதிலிருந்து முதலில் கடன் கழியும், மீதி இரண்டு பங்கு.

அந்தப் பழைய பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருந்தது. பொதுச் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் முழுவதும் கணவன் கையில் என்பதால், பிரியும்போது மனைவிக்கு ஒரு தேர்வைக் கொடுத்தார்கள். குவியல் தேறாது, கடன்தான் மிச்சம் என்று தெரிந்தால் "எனக்குப் பங்கும் வேண்டாம், கடனும் வேண்டாம்" என்று விலகிக்கொள்ளலாம். பங்கை ஏற்றாலும், முறைப்படி பட்டியல் எடுத்திருந்தால் தன் கைக்கு வந்த அளவுக்கு மேல் கடனுக்குப் பொறுப்பில்லை. 1804ஆம் ஆண்டின் சட்டம் யோசித்த அளவுக்குக்கூட, முள்ளோடைக்கு இந்தப் பக்கம் உள்ள மனைவியின் கடனைப் பற்றி நம் சட்டம் யோசிக்கவில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் வேறு கதை. 1962 ஆகஸ்ட் 16க்குப் பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று பாரிசிலும் புதுச்சேரியிலுமாக வாழ்கிறார்கள். பிரான்சில் 1966 பிப்ரவரி முதல், ஒப்பந்தம் இல்லாத தம்பதிக்குக் கல்யாணத்துக்குப் பின் சேர்த்தது மட்டும் பொது. எந்த நாட்டுச் சட்டம் என்பதற்கு, 1992 செப்டம்பருக்குப் பின் மணந்தவர்கள் விஷயத்தில், பிரெஞ்சு நீதிமன்றம் பொதுவாகப் பார்ப்பது கல்யாணமானதும் தம்பதி முதலில் எங்கே குடித்தனம் வைத்தார்கள் என்பதை. ஆனால் வில்லியனூரில் ஒரு மனை இருந்தால் அது யாருடையது என்று பாரிஸ் நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது. அங்கே வாங்கிய பணத் தீர்ப்பையும் இங்கே நேராக நிறைவேற்ற முடியாது. சில வெளிநாடுகளின் தீர்ப்புகளை இங்கே நேராக நிறைவேற்றலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு, பிரான்ஸ் அதற்குள் வரும் நாடு இல்லை. இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும்.

## ஒப்பந்தம் எழுதும்போது விட்டுப்போகிறவை

1. சொத்து விவரத்தை மனுவின் அட்டவணையிலேயே சர்வே எண்ணோடு எழுதுங்கள். வழக்கில் இல்லாத அசையாச் சொத்தைச் சமரசத் தீர்ப்பில் மட்டும் சேர்த்தால், அந்தப் பகுதியைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டிவரும்.

2. ஒவ்வொரு கடனுக்கும் கணக்கு எண், இன்றைய பாக்கி, யார் அடைப்பது, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதுங்கள். அடைக்காமல் விட்டு மற்றவர் கட்ட நேர்ந்தால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் வேண்டும். வங்கியை அது கட்டுப்படுத்தாது, எதிராளியைக் கட்டுப்படுத்தும்.

3. பிள்ளையின் செலவை வீட்டுக்கு ஈடாக விட்டுக்கொடுக்காதீர்கள். "வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன், இனிப் பிள்ளைக்குத் தர மாட்டேன்" என்ற வரிக்குப் பின்னாளில் நீதிமன்றத்தில் மதிப்பிருக்காது. பிள்ளையின் காதுகுத்துக்கு வந்த மோதிரமும் சங்கிலியும் பிள்ளையுடையவை.

4. ஆயுள் காப்பீடு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் அது மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளை. கணவரின் கடன்காரர் அதைத் தொட முடியாது, கணவர் நினைத்தபடி மாற்றவும் முடியாது.

5. பதிவு முடிந்ததும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் வரி நான்கிலும் பெயர் மாற்றம். பிஎஃப், வங்கிக் கணக்கு, காப்பீடு மூன்றிலும் நியமனதாரர் மாற்றம். பொது லாக்கரின் இரண்டாவது சாவியையும் திருப்பி வாங்க வேண்டும். பட்டியலில் அதை எழுதினவர்களை இதுவரை நான் பார்த்ததில்லை.